மூவர்ணத்தில் கவிதை தைக்கலாமா? கொடிக் கைவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கொடியின் வெள்ளைப் பட்டையில் பாரதி வரியைத் தைக்க ஆசைப்படுவார்கள். முதல் தவறே அதுதான். கொடியில் எதை எழுதினாலும் அவமதிப்பு என்கிறது 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம். பொதுப் பார்வையில் வைத்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "வாங்கிய கொடி இல்லையே, நாங்களே ஒட்டுப்போட்டது" என்ற சமாதானம் எடுபடாது. எதில் செய்தாலும் கொடியின் உருவம் சட்டத்துக்குக் கொடிதான். இணையத்தில் வரும் அமெரிக்கக் கொடி வேலைகளையும் நம்ப வேண்டாம். அங்கே கொடியை எரிப்பதே கருத்துரிமை என்று 1989-இல் தீர்ப்பாகிவிட்டது.

பாரதி பாடிய மணிக்கொடி மூவர்ணம் அல்ல. அவர் மறைந்தது 1921-இல். மூவர்ணம் தேசியக் கொடியானது 1947 ஜூலை 22-இல். அவர் கொடியில் ஒரு பக்கம் வச்சிராயுதம், மறுபக்கம் இளம்பிறை, நடுவில் வந்தே மாதரம். எழுத்தோடு பிறந்த கொடி! தைக்க வேண்டியது அதைத்தான். பாரதி பாட்டுக்குக் காப்புரிமைத் தொல்லையும் கிடையாது.

துணிக்குப் பாலராமபுரம் கைத்தறிக் கோரா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, போதும். கஞ்சியை அலசாமல் தைத்தால், பிறகு நனையும்போது துணி சுருங்கும், நூல் சுருங்காது, எழுத்தைச் சுற்றி மடிப்பு விழும். ஒரு ராத்திரி ஊறவைத்து அலசி, காய்ந்தபின் தேயுங்கள். சிவப்பு, கரும்பச்சை நூல்களை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். சாயம் போகிற நூல் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

தமிழெழுத்தை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே குறைத்தால் ழ, ஞ, ணை எல்லாம் நூலுருண்டை. ஒன்றரை சென்டிமீட்டர் வையுங்கள். ஆறிழை நூலில் இரண்டிழை பிரித்து, நேர்கோட்டில் 3 மில்லிமீட்டர், வளைவில் 2 மில்லிமீட்டர் பின்தையல் (பேக் ஸ்டிச்). புள்ளிக்கு ஒரே சுற்று முடிச்சு. நூல் 45 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பிசிறும். ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்கு நூலைப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மெல்லிய துணியில் முன்னால் நிழலடிக்கும். சொல்லுக்குச் சொல் முடிந்து வெட்டுங்கள்.

இந்த வேலை நடப்பது மழைக்காலத்தில். எம்பிராய்டரி வளையத்தைத் துணியோடு ராத்திரி விட்டுவைத்தால் வட்டத் தடம் விழும், இரும்புத் திருகாணியானால் துருக்கறையும் சேரும். நீரில் அழியும் பேனாவால் வரைந்திருந்தால் இஸ்திரிக்கு முன்பே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சூடு பட்ட கோடு பிறகு போவது கஷ்டம்.