மக்கள் தொடர்புத் துறையில் முதல் உள்ளகப் பயிற்சி: நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாவது எப்படி?

அட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கொழும்பிலுள்ள மக்கள் தொடர்பு நிறுவனமொன்றுக்குப் பயிலுநராக விண்ணப்பித்து, முதல் தடவையாக நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டிருக்கும் மலையக இளைஞர் யுவதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வேலை என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் என்ன வேறுபாடு என்பது பெரும்பாலும் கேட்கப்படும். விளம்பரத்துக்கான இடம் காசு கொடுத்து வாங்கப்படுகிறது. மக்கள் தொடர்பு நிறுவனம் அனுப்பும் செய்தியோ, பத்திரிகை ஆசிரியர் அதை வாசகருக்குப் பயனுள்ளதென்று கருதினால் மட்டுமே வெளிவரும். பின்னர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் யார், அவர்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த செய்திகள் எவை என்பதை வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளிலும் ஆங்கில நாளிதழ்களிலும் தேடி வாசியுங்கள்.

படி 2: மாதிரி ஊடக அறிக்கையொன்றை, அதாவது பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பொன்றை, எழுதிக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அனுபவம் இல்லையே என்ற கவலைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன். உங்கள் தோட்டத்து வாசிகசாலை விழாவையோ முன்பள்ளித் திறப்பையோ எடுத்துக்கொண்டு, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்பனவற்றை முதற் பந்தியிலேயே சொல்லி, விழாவில் ஒருவர் உண்மையாகப் பேசிய வாசகமொன்றை அடுத்து வைத்து, ஏ4 தாளொன்றின் ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ள நாட்டில் ஊடக அறிக்கைகள் பெரும்பாலும் மும்மொழிகளிலும் தேவைப்படுகின்றன. ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்ட தமிழ் எவ்வளவு பிழையாக இருக்கும் என்பதைப் பெயர்ப்பலகைகளிலேயே பார்த்திருப்பீர்கள். தோட்டத் தொழிலாளர் என்று எழுதவேண்டிய இடத்தில் கூலி என்று எழுதினால் அது எத்தனை பேரைப் புண்படுத்தும் என்பது லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனது முதல் நேர்முகப் பரீட்சையில் எந்த ஊர் என்று கேட்டபோது தோட்டத்தின் பெயரை மறைத்து நகரத்தின் பெயரை மட்டும் சொன்னேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். நீங்கள் தோட்டத்தின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள், அங்கே வளர்ந்ததால் கிடைத்த அறிவு இந்தத் தொழிலுக்குத் தேவை.

படி 3: நெருக்கடிக் கேள்விக்குப் பயிற்சி எடுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா ஹோட்டலொன்றில் உணவருந்திய சிலர் நோயுற்று, அச்செய்தி முகநூலில் பரவுகிறது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்படலாம். மறுப்பு அறிக்கை வெளியிடுவேன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் நோயுற்றவர்களின் நிலையை விசாரித்து, உறுதியானவற்றையும் இன்னும் தெரியாதவற்றையும் பிரித்து, அடுத்த தகவல் எப்போது தரப்படும் என்று அறிவித்து, ஊடகங்களுடன் பேச ஒருவரையே நியமிப்பேன் என்று ஒழுங்காக விளக்குங்கள். 1906இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா புகையிரத நிறுவனத்தின் விபத்தொன்றின்போது, அந்நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆலோசகரான ஐவி லீ என்பவர் தகவலை மறைக்காமல் நிருபர்களுக்கு அறிக்கை வழங்கினார்; இத்துறையின் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் நிகழ்வு அது. பயிலுநர் என்ற முறையில், எதையும் வெளியிடுமுன் மேலதிகாரியின் அனுமதியைப் பெறுவேன் என்பதையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: நேர்முகப் பரீட்சைக்கு முந்திய நாளே புறப்படுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவினால் வீதியும் புகையிரதப் பாதையும் தடைப்படக்கூடும். இணையவழி நேர்முகப் பரீட்சையென்றால், தோட்டத்தில் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் இடத்தை முன்கூட்டியே சோதித்துவையுங்கள்.

படி 5: நீங்களும் கேளுங்கள். நான் எழுதுவதை யார் திருத்துவார், ஊடகவியலாளர்களுடன் பேச வாய்ப்புக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, மாதாந்தக் கொடுப்பனவு எவ்வளவு என்பதையும் கூச்சமின்றி விசாரியுங்கள். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத போர்டிங் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் உங்களுக்கு இருக்கின்றன.