பினாங்கிலிருந்து ஊர்ப் புயலைக் கவனிப்பது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

நவம்பர் பிறந்தால் போதும், பினாங்கின் பாயான் லெப்பாஸ் முதல் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். வங்கக் கடலில் ஊதா நிறத்தில் ஒரு சுழி, சென்னையை நோக்கி ஒரு கோடு, மூலையில் பத்து நாள் தள்ளி ஒரு தேதி. அதைப் பார்த்துப் பதறி, ஊருக்கு எடுத்த டிக்கெட்டைச் சொந்தக் காசில் மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இருக்கிறார்கள். முதல் சம்பளத்தில் எடுத்த டிக்கெட் இப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அரசு அறிவிப்புகள் முதலில். வங்கக் கடல் புயல் என்றால் இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்வதற்கு மேல் அப்பீல் இல்லை. கரையைக் கடப்பதற்கு 72 மணி நேரம் முன்பு முதல் கட்ட அறிவிப்பு, 48 மணி நேரம் முன்பு அடுத்தது, 24 மணி நேரம் முன்பு புயல் எச்சரிக்கை. புயலாக மாறிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். எல்லாம் இந்திய நேரம். இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். பெரும்பாலும் அது அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் (GFS) மாடலிலிருந்து, அதாவது வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கிலிருந்து எடுத்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும் இந்த மாடல் ஒவ்வொரு முறையும் 16 நாள் வரை கணக்குப் போட்டுக் காட்டும். காலை ஓட்டத்தில் புயல் சென்னையைத் தொடும், அடுத்ததில் மசூலிப்பட்டினம் போகும், ராத்திரி ஓட்டத்தில் புயலே இருக்காது. இந்த மூன்றில் பயங்கரமானது எதுவோ அதுதான் ஃபார்வர்ட் ஆகும்.

மாடல் இப்படி ஆடுவதற்குக் காரணம் உண்டு. புயல் தானாக வழி தேடிப் போவதில்லை. சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. வடக்கே இருக்கும் உயரழுத்தம் எவ்வளவு வலுவாக இருக்கும், மேற்கிலிருந்து வரும் காற்று எப்போது அதை உடைக்கும் என்பதைப் பத்து நாள் முன்பே சரியாகச் சொல்ல முடியாது. கடலில் தாழ்வுப் பகுதியே உருவாகாதபோது மையம் எங்கே அமையும் என்றுகூட மாடலுக்குத் தெரியாது. அது வலுத்து, புயலுக்கு முந்தைய கட்டமான தாழ்வு மண்டலம் ஆகும்வரை கோட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

மண்டலமான பிறகு மாடல்களை நம்பலாம், ஓரளவுக்கு. இந்திய மையத்தின் பாதைக் கணிப்பில் சராசரிப் பிழை 24 மணி நேரத்துக்குச் சுமார் 75 கிலோமீட்டர், 48 மணி நேரத்துக்குச் சுமார் 115, 72 மணி நேரத்துக்குச் சுமார் 160. அட்லாண்டிக் ஹரிக்கேன்களுக்கு அமெரிக்க மையம் இதைவிடக் கொஞ்சம் துல்லியம். அங்கேயும் ஐந்தாம் நாள் பிழை 300 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர்தான். மூன்று நாள் முன்பு “சென்னை” என்றாலும் “புதுச்சேரி” என்றாலும் கணிப்பு ஒன்றுதான். கஜாவை முதலில் வட தமிழகக் கரைக்குத்தான் எதிர்பார்த்தார்கள்; 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது.

எந்த மாடல் சிறந்தது என்று சண்டை போட வேண்டாம். மொத்தக் கணக்கில் ஐரோப்பிய மாடல் முன்னால் நிற்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் இடப்பக்கம் திரும்பி நியூஜெர்சியைத் தாக்கும் என்பதை ஒரு வாரம் முன்பே அது காட்டியது. ஜிஎஃப்எஸ் வெகுநேரம் நடுக்கடலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் டெபி புயல் கிழக்கே ஃப்ளோரிடாவுக்குத் திரும்பும் என்று சரியாகச் சொன்னது ஜிஎஃப்எஸ்.

பார்க்க வேண்டியது ஒற்றைக் கோட்டை விட்டுவிட்டு, கோடுகளின் கூட்டத்தை. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஐரோப்பிய மாடலை 51 முறையும் ஜிஎஃப்எஸ்ஸை 31 முறையும் ஓட்டுகிறார்கள். ஐந்தாம் நாள் கோடுகள் இலங்கையிலிருந்து ஒடிசாவரை விசிறியாக விரிந்தால் முடிவெடுக்க ஒன்றுமில்லை. நெருங்கி நின்று, அடுத்த இரண்டு ஓட்டங்களிலும் அதே இடத்தில் நின்றால் கவனியுங்கள். மலேசிய நேரம் காலை 8 மணி நிலவரத்தை வைத்து ஓடும் ஜிஎஃப்எஸ் மதியம் 1 மணிக்குள் முழுதாகக் கிடைக்கும். ஐரோப்பிய மாடல் 3 மணிக்குள். இரவு 8 மணி ஓட்டம் நள்ளிரவு தாண்டித்தான் வரும். அதற்காகக் கண்விழிக்காதீர்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். 72 மணி நேர அறிவிப்பு வரும் முன்பு தொடவே வேண்டாம். புயல் வந்தேவிட்டாலும் விமான நிலையம் பெரும்பாலும் ஒரு நாள் அளவுக்குத்தான் மூடப்படும். மிக்ஜாமின்போது 2023 டிசம்பர் 4 அன்று மூடிய சென்னை விமான நிலையம் மறுநாள் காலை திறந்துவிட்டது. ரத்து அறிவிப்பு வந்ததும் நிறுவனமே வழக்கமாகக் கட்டணமில்லாமல் தேதி மாற்றித் தரும். முந்திக்கொண்டு நீங்களே மாற்றினால் வித்தியாசத் தொகை உங்கள் தலையில்தான்.

வீட்டாருக்குப் போன் போடும்போது கோட்டை மறந்து மழையைக் கேளுங்கள். மிக்ஜாமின் மையம் சென்னையைத் தொடவில்லை, பாபட்லா அருகேதான் கரையேறியது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றன. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த பின் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்தது. தள்ளும் காற்று ஓய்ந்து புயல் நிற்பதையும், எவ்வளவு வலுக்கும் என்பதையும் மாடல்கள் பாதையைவிட மோசமாகவே கணிக்கின்றன. 2023 அக்டோபரில் ஓடிஸ் ஒரே நாளில் ஐந்தாம் வகைப் புயலாகி (அதுதான் உச்ச வகை) மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. மாடல்கள் அதைக் கோட்டைவிட்டன.

இங்கே நமக்கே புயல் வருமா? நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சுழல் உருவாவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2001 டிசம்பரில் வாமெய் ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் சென்யார் மலாக்கா நீரிணையிலேயே உருவாகிச் சுமத்ராவை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் வந்த பெருவெள்ளத்துக்குப் பெயர் வைத்த புயல்கூடத் தேவைப்படவில்லை. தினமும் மாலையில் வரும் இடிமழையை இந்த உலக மாடல்கள் சரியாகப் பிடிக்காது. அதற்கு மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ரேடாரையும் எச்சரிக்கையையும் பாருங்கள். தரைத்தள வீடோ, அடித்தளப் பார்க்கிங்கோ எடுக்கும் முன், 2017-இல் அங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுவிடுங்கள்.