செட்டிநாட்டு வீட்டுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் எப்படிப் பார்த்து வாங்குவது

வீட்டில் நல்ல ஸ்டீரியோ வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். வாட்ஸ் கடைசிப் பேச்சு. முதலில் எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள், அந்த இடத்துக்குத் தோதான ஸ்பீக்கரைத் தேடுங்கள், அப்புறம் அந்த ஸ்பீக்கரைச் சிரமமில்லாமல் ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயரை எடுங்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முகம் தெரிகிற அளவுக்கு இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை, வரிசையாகத் தேக்குத் தூண்கள். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. பட்டாலை என்கிற பெரிய கூடத்தில் நின்று பலமாக ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், கை ஓய்ந்த பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடிக்கொண்டிருப்பது காதில் விழும். பாட்டிலும் இதேதான் நடக்கும், ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழும், மிருதங்கத்தின் சொற்கட்டு மொத்தமாகக் குழம்பிப் போகும். வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடுமே தவிர தெளிவு வராது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் இதற்கு விலக்கில்லை.

அதனால் என் யோசனை, வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியிருக்கும் உள்ளறைகளில் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மெத்தை, கனமான திரை, தரையில் தடிமனான ஜமக்காளம், சுவரோரம் புத்தக அலமாரி, இவ்வளவு போதும், திரும்பவும் கை தட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பட்டாலையில்தான் வைக்க வேண்டும் என்றால் ஸ்பீக்கரிலிருந்து 6, 7 அடிக்குள் உட்காருங்கள். கிட்டே போகப் போக ஸ்பீக்கரிலிருந்து நேராக வருகிற ஒலி, சுவரில் பட்டுத் திரும்புவதைவிடத் தூக்கலாகக் கேட்கும். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஜமக்காளத்தை விரித்துவிடுங்கள்.

ஸ்பீக்கருக்கு வருவோம். சின்ன அறைக்கு 5 முதல் 6.5 அங்குல வூஃபர் (கனத்த ஒலிகளைத் தருகிற பெரிய கூம்பு) உள்ள, புக்ஷெல்ஃப் என்கிற சின்னப் பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி தாராளம். ஆளுயர டவர் ஸ்பீக்கரைச் சின்ன அறையில் சுவரோடு ஒட்டி வைத்தால் அடிநாதம் (பேஸ்) வீங்கி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

வாங்கும்போது பின்பக்கத்திலோ விவரக் குறிப்பிலோ இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) வரும் என்பது. 86 என்று போட்டிருக்கும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்த வெளிக் கணக்குப்படி 6 டெசிபல் குறையும், ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும், ஆக 1 வாட்டிலேயே 83 வந்துவிடுகிறது. 10 வாட்டில் 93, 50 வாட்டில் 100. நிதானமாகப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு 75 டெசிபல் பக்கமே போதும், அதற்கு மேல் இருக்கிற இடமெல்லாம் தவில் திடீரென்று அதிரும் கணத்துக்காகத்தான். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், அதனால் 89 உள்ள ஸ்பீக்கரை எடுத்தால் அதைவிட இரட்டிப்பு ஆம்ப்ளிஃபயர் வாங்கிய பலன். வளவுக்கு மட்டும் கணக்கு வேறு, மேலே வானம், சத்தம் தப்பிப் போய்விடும், உட்காரும் இடமும் தூரம், அங்கே 90க்கு மேல் சென்சிடிவிட்டி உள்ள பெரிய பெட்டியாகப் பாருங்கள்.

இன்னொரு எண் ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. 8 ஓம் என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. 4 ஓம் ஸ்பீக்கர் அதிக கரண்ட் இழுக்கும், ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் போட்டிருந்தால் மட்டும் எடுங்கள். திண்ணைக்கு ஒரு ஜோடி, பட்டாலைக்கு ஒரு ஜோடி என்று 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் இணையாகக் கொடுத்தாலும் 4 ஓம் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயரில் ஆர்எம்எஸ் வாட்ஸை, அதாவது அது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியை மட்டும் நம்புங்கள். பிஎம்பிஓ (கணநேர உச்சம் என்று சொல்லிக்கொள்கிற விளம்பர எண்) 5000 வாட் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 12 வோல்ட் 3 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 36 வாட், அதிலிருந்து 5000 வாட் எங்கே வரும்? நல்ல 40, 50 வாட் ஆம்ப்ளிஃபயர் அறைக்குப் போதும். அதற்காக ரொம்பச் சின்னதை வாங்கி முழுக்கத் திருகவும் கூடாது, அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு வந்தால் முதலில் எரிந்து போவது ட்வீட்டர் (கீச்சொலிகளைத் தருகிற சின்ன ஸ்பீக்கர்) தான்.

கல்யாண மைக் செட் ஆம்ப்ளிஃபயர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதன் 100 வோல்ட் லைன், நீளமான ஒயரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த குழாய் ஸ்பீக்கர்களை ஓட்டுவதற்கு, வீட்டு ஸ்பீக்கரை அதில் நேராக மாட்டினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் எரிந்துவிடும்.

கையில் 30 ஆயிரம் இருந்தால் 20 ஆயிரத்தை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் துணி மூடியைக் கழற்றி, கூம்பின் ஓரத்து வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஃபோம் வளையம் நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிரும், ரப்பர் நெடுநாள் தாங்கும். கூம்பை இரண்டு பக்கமும் சமமாக விரல் வைத்து உள்ளே தள்ளும்போது சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் போய்விட்டது, விட்டுவிட்டு வாருங்கள்.

கடையில் கேட்கும்போது நீங்கள் பலமுறை கேட்ட பாட்டையே போடச் சொல்லுங்கள், ஒரு ஆள் வெறுமனே பேசுகிற பதிவும் கூடவே இருக்கட்டும், குரல் இயல்பாக இல்லாத ஸ்பீக்கரில் எதுவும் இயல்பாக இருக்காது. இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வையுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

வீட்டில் ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலிக்கென்று செய்த ஸ்டாண்டுகள் 2 அடி இருக்கும், நம்மில் பலரும் பாயில் உட்கார்ந்து திண்டில் சாய்கிறவர்கள், அவர்களுக்கு ஒன்றேகால் அடி முக்காலி சரியாக இருக்கும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், மரத்தூள் பலகைக்குக் கரையான் சீக்கிரம் ஏறும். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். ஒயருக்கு 15, 20 அடி வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும், சிவப்பு சிவப்புக்கும் கருப்பு கருப்புக்கும் போகிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் மாறினால் அடிநாதம் காணாமல் போகும்.

வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊர் என்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். சைன் வேவ் அல்லாத இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். ஐப்பசி இடி மழையில் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள், டிவி கேபிளோடு இணைத்திருந்தால் அதையும்.