‘கையிருப்பு உள்ளது’ என்று எழுதும் முன்

பருவமழைக்கு முன் பேரிடர்த் திட்டம் எழுதி அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும். எங்கள் வட்டாரத்தில் புதிதாகச் சேர்ந்த ஹெச்.ஐ.க்கள் (சுகாதார ஆய்வாளர்கள்) இரண்டு பேர் எழுதியதை இந்த முறை படித்தேன். ஒக்கிப் புயலுக்கு முன் நான் எழுதியதை அச்சடித்த மாதிரி இருந்தது, தப்புகளோடு சேர்த்து. மாறிப்போன போன் நம்பரையெல்லாம் யாரும் திருத்திவிடலாம், அதை விடுகிறேன்.

"ப்ளீச்சிங் பவுடர்: 20 மூட்டை"

இந்த வரியைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நானும் இப்படித்தான் எழுதினேன். 2017 நவம்பர் 30 அன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒக்கி அடித்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் ஒடிந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதும் கடற்கரை ஊர் ஒன்றின் மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போட்டோம். 30,000 லிட்டர் தொட்டி. 1000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் 120 கிராம் ப்ளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றினோம். அரைமணி நேரம் கழித்து, கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடத்தோடு நின்ற அம்மா கேட்டார்: "சாரே, வெள்ளத்துல மருந்து மணமே இல்லியே?" (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.)

கணக்கு சரி. பவுடர்தான் செத்துப்போயிருந்தது. நல்ல பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது குறைந்துகொண்டே போகும். எங்கள் மூட்டைகளோ வாய் திறந்தபடி, வெறும் தரையில், கசிகிற சுவரை ஒட்டி, கடற்காற்று வரும் ஜன்னலுக்குக் கீழே. உள்ளே கட்டிதட்டிக் கிடந்தது. பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால்கூட நெடி இல்லை. (அதையாவது கவனித்திருக்கலாம்.) மூன்று மடங்கு போட்டும் குழாய்த் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரவில்லை. வேறு சுகாதார நிலையத்திலிருந்து மூட்டை வர, சாய்ந்த மரங்களை அறுத்து வழிவிட்ட பிறகு, மறுநாள் சாயங்காலம் ஆனது. அதுவரை அந்தத் தெரு என்ன குடித்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஆகவே எண்ணிக்கையோடு மூட்டை வந்த மாதம், கடைசியாக வீரியம் சோதித்த தேதி, இருக்கும் அறை எல்லாவற்றையும் எழுதுங்கள். மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பழையதை முதலில் எடுங்கள். ஸ்டோரில் "அதெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்பார்கள். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர்

டீசல் எங்கே? பங்கிலும் கரண்ட் இருக்காது.

நம் பதிவேடு மட்டும் போதும் என்று நினைப்பது

விளவங்கோடு பக்கம் பலர் காய்ச்சல் என்றால் களியக்காவிளை தாண்டி, கேரளத்தில் உள்ள பாறசாலைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விடுவார்கள். மழைத் தண்ணீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வந்தால் நம் பதிவேட்டில் ஒன்றும் தெரியாது, அங்கே வார்டு நிரம்பியிருக்கும். அங்குள்ள சுகாதார ஆய்வாளரோடு மழைக்கு முன்பே பேசி வையுங்கள். வயலிலும் ஓடையிலும் இறங்கி வேலை செய்பவர்கள் யார் யார் என்ற பட்டியலும் அப்போதே வேண்டும். டாக்டர் அவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிய பிறகு வீடு தேடுவது வீண் அலைச்சல்.

முகாம்

பாய், போர்வை, பிஸ்கட் எல்லாம் பட்டியலில் இருக்கும். இன்சுலினும் டிபி மாத்திரையும் இருக்காது.