வாளையார் தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு: போனில் வரும் பாதுகாப்புப் பயிற்சியை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கஞ்சிக்கோடு. இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், புதிதாக எழும்பும் ஷெட்டுகள் என்று வேலைக்குப் பஞ்சமில்லாத இடம். நம் ஊர்ப் பக்கம்தானே, டீக்கடையிலும் தமிழ் கேட்கிறதே என்று தைரியமாக வந்துவிடுவோம். ஆனால் ஆலை கேட்டுக்குள் கால் வைத்த நிமிடம் பலகைகளும் கட்டளைகளும் மலையாளத்துக்கு மாறிவிடும். புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

கொரோனாவுக்கு அப்புறம் நிறைய இடங்களில் பாதுகாப்புப் பயிற்சி போனுக்கு வந்துவிட்டது. வேலையில் சேரும் நாளில் ஒரு லிங்க் வரும். வரிசையாக வீடியோக்கள், கடைசியில் சில கேள்விகள். பாஸானால் சான்றிதழ், அதைக் காட்டினால் கேட் பாஸ். பார்க்க ரொம்ப எளிது. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை.

நான் சேர்ந்த அன்று கான்ட்ராக்டரின் ஆள் எங்கள் பதினொரு பேரின் போனையும் வாங்கி டீக்கடை பெஞ்சில் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் வீடியோவைத் தள்ளிவிட்டு, பதில்களை அழுத்தி, நாங்கள் டீயும் பழம்பொரியும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதினொரு சான்றிதழ் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது நாள் என்னை ஷெட் கூரைக்கு ஷீட் மாட்ட ஏற்றினார்கள். விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கொடுத்த பெல்ட்டைத் தோளில் மாட்டி, நெஞ்சுக் கொக்கியைப் போட்டேன். தொடைப் பட்டை இரண்டும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. அவை எதற்கு என்றே எனக்குத் தெரியாது.

ஏணியில் நாலு படி ஏறியிருப்பேன். கீழே நின்ற ஒரு மலையாளி ஃபிட்டர், வயதானவர், என் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார். "தம்பி, இது ஸ்கூல் பேக் இல்ல. விழுந்தா பெல்ட் மேலயே நிக்கும், நீ மட்டும் உருவிக்கிட்டுக் கீழ போவே" என்று தமிழிலேயே சொன்னார். டூல் பாக்ஸ் மேல் உட்கார வைத்து அவரே தொடைப் பட்டையை மாட்டினார். பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் விரித்த கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. அதுதான் அளவு. முதுகில் இருக்கும் இரும்பு வளையம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் நிற்க வேண்டும், இடுப்புக்கு இறங்கிவிடக் கூடாது. இவ்வளவும் அந்த வீடியோவில் இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் படுத்துக்கொண்டு முழுதாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதனால் சொல்கிறேன், போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஓடிபி கேட்டால் நீங்களே அடியுங்கள். வீடியோ ஆரம்பிக்கும் முன் மொழி மாற்றும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். தமிழ் இருந்தும் யாரும் தொடாமல் ஆங்கிலத்திலேயே ஓடவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தமிழ் இல்லையென்றால் சேஃப்டி ஆபீசரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஆள் இல்லாத ஆலை குறைவு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வருகிறவர்களே பல பேர் இருப்பார்கள். அப்புறம் பெயர். ஆதாரில் இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே மாதிரி அடியுங்கள். சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் கேட்டில் அரை நாள் நிற்க வேண்டிவரும். பிடிஎஃப் வந்ததும் உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

போன் கற்றுக்கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. கொக்கியை எங்கே மாட்டுவது என்று வீடியோ சொல்லும். ஆனால் உங்கள் ஷெட்டில் எந்தக் கம்பி தாங்கும், எது ஒயர் போகும் வெறும் கேபிள் ட்ரே என்று அதற்குத் தெரியாது. ஒரு கணக்கை மனதில் வையுங்கள். பெல்ட்டிலிருந்து கொக்கிக்குப் போகும் கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் மடிப்பு பிரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். அதோடு உங்கள் உயரம், அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி. ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தரை, ஆறு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நாலு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு காலடியில் கொக்கியைப் போட்டால், கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரையில் இருப்பீர்கள். எப்போதும் தலைக்கு மேலே மாட்டுங்கள். எங்கே என்று ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

உலையில் வேலை என்றால் இதைவிடக் கவனம் வேண்டும். இங்கே பழைய இரும்பைக் கொட்டி உருக்குகிறார்கள். இரண்டு பக்கமும் அடைத்த குழாய், மூடிய டப்பா, மழையில் நனைந்த குவியல் இதெல்லாம் உலைக்குள் போகவே கூடாது. உருகிய இரும்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். ஒரு டம்ளர் தண்ணீர் போதும், உருகிய இரும்பு மழை மாதிரி மேலே வந்து விழும். கேரளத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. அந்த மாதங்களில் ஸ்கிராப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, ஈரமாக இருந்தால் தயங்காமல் ஒதுக்கிப் போடுங்கள். உற்பத்தி நிற்கிறதே என்று திட்டினால் திட்டட்டும்.

டேங்க், குழி, சாக்கடைத் தொட்டி எதுவானாலும் காற்றை அளக்காமல் இறங்காதீர்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். மீட்டர் 19.5க்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே குதிக்கத்தான் மனம் துடிக்கும். அண்ணன் தம்பியாகப் பழகியவன் கண் முன்னால் கிடக்கும்போது வேறென்ன தோன்றும்? ஆனால் அப்படி இறங்கியவர்கள் அவருக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறார்கள். கத்தி ஆள் கூப்பிடுங்கள், 101க்கோ 112க்கோ அடியுங்கள். ஆம்புலன்ஸுக்கு இங்கேயும் 108தான்.

இந்தப் பயிற்சிக்காகச் சம்பளத்தில் பிடித்தால் ஏன் என்று கேளுங்கள். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் 111ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பாதுகாப்பு பற்றிய தகவல் கேட்பது, முடிந்தவரை ஆலைக்குள்ளேயே பயிற்சி பெறுவது, இல்லையென்றால் ஆலைக்காரரே அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு அனுப்பிவைப்பது, இதெல்லாம் தொழிலாளியின் உரிமை என்று அது சொன்னது. கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அந்தச் சட்டப்படி தொழிலாளியாகவே இருந்தார். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எண்ணையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். வேலையில் அடிபட்டால் அது முதல் நாளிலிருந்தே உதவும்.

பணம் கட்டி வெளியில் வாங்கும் சான்றிதழ் விஷயத்தில் ரொம்ப எச்சரிக்கை. "ஓஷா பத்து மணி நேரக் கோர்ஸ், ஒரே மணி நேரத்தில் கார்டு" என்று விளம்பரம் வரும். அது அமெரிக்க அரசு அங்குள்ள தொழிலாளர்களுக்காக வைத்திருக்கும் திட்டம். ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரத்துக்கு மேல் நடத்தக் கூடாது என்பது அதன் விதி. அதனால் பத்து மணி நேரக் கோர்ஸ் குறைந்தது இரண்டு நாள் எடுக்கும். ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்கிறவர் தருவது வெறும் காகிதம். கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்க அந்தக் கார்டு வேண்டியதும் இல்லை.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு கொதிக்கும். வெட்டவெளியில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை கோடையில் உத்தரவு போடும். அந்த மூன்று மணி நேரத்தில் கான்கிரீட் போடச் சொன்னால், உத்தரவு இருக்கிறதே என்று நினைவூட்டுங்கள்.

கடைசியாக மொழி. மலையாளம் புரிகிற மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. "வலிக்கு" என்று கத்தினால் யாருக்கோ வலிக்கிறது என்று நினைப்போம். அவர் சொல்வது "இழு" என்று. "பொக்கு" என்றால் தூக்கு. பலகையில் இருப்பதைப் பக்கத்து ஆள் "தொடருது" என்று வாசித்துச் சொன்னால், ஏதோ தொடர்கிறது போலிருக்கிறது என்று கடந்து போவோம். அதற்கு அர்த்தம் "தொடாதே". "கயறருது" என்றால் ஏறாதே, "அனங்ஙருது" என்றால் அசையாதே. ஒரு சொல் "அருது" என்று முடிந்தால் கையை எடுத்துவிட்டு நில்லுங்கள், அர்த்தம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதல் நாளே இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துவிடுங்கள். "மனசிலாயில்ல" என்றால் புரியவில்லை. "தமிழில் பறஞ்ஞு தரணம்" என்றால் தமிழில் சொல்லித் தர வேண்டும். நான் இதைச் சொல்லி யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை.