நோர்வேயில் டொக்டரிடம் போகும்போது விடக்கூடாத பிழைகள்

ஒஸ்லோவில் ஒரு நூலகத்தின் மொழிக் கஃபேயில், புதிதாக வந்தவர்களோடு கிழமைதோறும் நோர்வேஜியன் கதைத்துப் பழகுகிறேன். முதல்தடவை டொக்டரிடம் போய்வந்த கதையை யாராவது ஒருவர் எப்போதும் சொல்வார். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் விட்ட அதே பிழைகள்தான் திரும்பவும் வருகின்றன. அடையாள அட்டையை மறப்பது, மருந்தின் பெயர் தெரியாமல் நிற்பது எல்லாம் ஒருதடவை பட்டால் திருந்திவிடும். தானாகத் திருந்தாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவது

இதில்தான் எனக்குத் தீராத கோபம். போன குளிர்காலம் டொக்டரிடம் காத்திருந்தபோது எதிரே ஒரு தாயும், பத்து வயது மதிக்கக்கூடிய மகனும் இருந்தார்கள். பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்தபடி அவன் தொலைபேசியில் எதையோ தேடினான். “அம்மா, கருப்பை எண்டா என்ன?” என்று கேட்டான். தாய் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “வயிறு எண்டே சொல்லு” என்றார். உள்ளே போய் அவன் வயிறு என்றுதான் சொல்லியிருப்பான்.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்கா, தன் கதையை எழுதச் சம்மதித்தார். மாதவிடாயில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு. பதின்மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனார். எத்தனை நாள் போகிறது, கட்டியாக வருகிறதா என்று டொக்டர் கேட்டார். பிள்ளைக்குத் தாயிடம் அதைக் கேட்க வெட்கம். தானே ஒரு பதிலைச் சொல்லிவிட்டாள். “எல்லாம் சாதாரணம்” என்று குறிப்பில் பதிவானது. பெண்நோய் நிபுணரிடம் அனுப்பப்பட்டபோது அடுத்த வருடம் ஆகிவிட்டது. அதற்குள் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் அளவுக்கு அவருடைய இரும்புச்சத்து இறங்கியிருந்தது. அம்மாவுக்கு வருத்தம் முற்றியது தன்னால்தான் என்று அந்தப் பிள்ளை இன்னும் நினைக்கிறாள். ஒரு பிள்ளையின் தலையில் இதை ஏற்றிவைக்க எங்களுக்கு என்ன உரிமை?

இது தேவையே இல்லாத பிழை என்பதுதான் என் ஆத்திரம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சட்டம், மொழி புரியாமல் நோயாளி பாதிக்கப்படக்கூடிய இடத்தில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தும் கடமையைப் பொதுச் சேவைகளுக்கு விதிக்கிறது. அவசரநிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. ஒழுங்கு செய்வது டொக்டரின் பக்கத்துப் பொறுப்பு. நீங்கள் செய்யவேண்டியது, நேரம் எடுக்கும்போதே “யாய் த்ரெங்கர் தொல்க் பொ தமில்” (எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர், அதாவது தொல்க், வேண்டும்) என்று சொல்வது, அல்லது எழுதுவது. ஒவ்வொன்றையும் இரண்டுதரம் சொல்லவேண்டியிருப்பதால் இரட்டை நேரமும் கேளுங்கள்.

ஏன் கேட்பதில்லை? “தொல்க்காக வருபவர் எங்கட ஆளாத்தான் இருப்பார், நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிடும்” என்ற பயம். ஒஸ்லோ, பேர்கன் தமிழ்ச் சமூகத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு இரகசியம் காக்கும் சட்டக் கடமை இருக்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில் கதைப்பவரைக் கேளுங்கள். அவருக்கு உங்கள் பெயர் தெரியவேண்டியதில்லை. பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

இன்னும் சிலர், நோர்வேஜியனில் பி1 என்ற நடுத்தர மட்டப் பரீட்சை சித்தியடைந்தபின் தொல்க் கேட்பது மரியாதைக் குறைவு என்கிறார்கள். வேலையையும் காலநிலையையும் பற்றிக் கதைக்க பி1 போதும். மருந்தின் பக்கவிளைவை டொக்டர் வேகமாக, அதுவும் தன் ஊர் வழக்கில் விளங்கப்படுத்தும்போது போதாது. புரியாமல் தலையாட்டிவிட்டு வருவதைவிட, கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

கணவர் மொழிபெயர்ப்பது

கேள்வி மனைவிக்கு. பதில் கணவரிடமிருந்து. வேண்டாம்.

முக்கிய நோவைக் கடைசியில் சொல்வது

எங்கள் ஆட்கள் முழங்காலில் தொடங்கி, நித்திரை, வைட்டமின் டி என்று போய், எழும்பும்போதுதான் “நெஞ்சிலும் ஒரு நோ” என்பார்கள். ஒரு சந்திப்பு கால் மணி, இருபது நிமிடம்தான். பயப்படுத்தும் நோவை உட்கார்ந்தவுடன் சொல்லுங்கள். எங்கே, எப்போதிருந்து, எது செய்தால் கூடுகிறது என்பதை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஊரிலிருந்து வந்த மருந்து ஏதாவது எடுத்தால், அந்தப் பெட்டியையும் கொண்டுபோங்கள்.

அன்டிபயோட்டிக் கேட்டு நிற்பது

விரலில் குத்தி சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்த்துவிட்டு, பாராசெட் (பரசிட்டமோல்) போட்டு ஓய்வெடுங்கள் என்று அனுப்பினால் அது அலட்சியம் இல்லை. இங்கே அன்டிபயோட்டிக்கைச் சிக்கனமாகத்தான் எழுதுவார்கள். ஆனால் காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தால் திரும்ப வரவேண்டும் என்பதைக் கேட்காமல் வெளியே வராதீர்கள்.

ஒருநாள் காய்ச்சலுக்குக் கடிதம் வாங்க ஓடுவது

ஒரே இடத்தில் இரண்டு மாதம் வேலை செய்திருந்தால், ஒருதடவைக்கு மூன்று நாள் வரை நீங்களே முதலாளிக்கு அறிவிக்கலாம். பன்னிரண்டு மாதத்தில் நான்கு தடவை. பல வேலையிடங்கள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன.

சொல்லாமல் போகாமல் விடுவது

24 மணி நேரத்துக்கு முன் சந்திப்பை ரத்துச் செய்யாவிட்டால் காசு கட்டவேண்டி வரும். ஃப்ரிகோர்ட் (வருடக் கட்டண எல்லையைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் இலவச அட்டை) காப்பாற்றாது.

பிடிக்காத டொக்டரோடு வருடக்கணக்கில் இருப்பது

ஹெல்சநோர்கே என்ற அரச சுகாதார இணையத்தளத்தில் வருடத்துக்கு இரண்டுதரம் மாற்றலாம், இடம் இருந்தால். காரணம் சொல்லவேண்டியதில்லை.

113, 116117 இரண்டையும் குழப்புவது

நெஞ்சை அடைத்தால், ஒருபக்கக் கை கால் இழுத்தால், மூச்சு விட முடியாவிட்டால் அம்புலன்ஸ் இலக்கமான 113. உயிராபத்து இல்லை, ஆனால் உங்கள் டொக்டர் திறக்கும்வரை பொறுக்கமுடியாது என்றால் 116117. அது நீங்கள் நிற்கும் ஊரின் லேகேவக்டுக்கு (அவசர டொக்டர் நிலையம்) போகும். அங்கே நேரே போய் மணிக்கணக்கில் காத்திருக்காமல் முதலில் அழையுங்கள். 113-இல் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான் உடனே கேட்பார்கள். அதனால் வீதிப் பெயரையும் கட்டட இலக்கத்தையும் நோர்வேஜியனில் தடுமாறாமல் சொல்ல இன்றைக்கே பழகிவையுங்கள், வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்கும் பழக்குங்கள்.