ட்ரெய்லர் டயரில் காற்றும் சூடும்: மானிட்டர் வாங்கியவர்கள் செய்கிற தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைவன நகரமான ஃபீனிக்ஸிலிருந்து மலை ஊரான ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறும் ஐ-17 சாலையில் கோடையில் போனவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் கிழிந்த டயரின் கறுப்பு ரப்பர் துண்டுகள் கிடக்கும். அந்தப் பயத்தில்தான் முதல் பயணத்துக்கு முன்பே, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் என் ட்ரெய்லரின் நான்கு டயருக்கும், காற்றழுத்தத்தையும் சூட்டையும் அளக்கும் சென்சார் வாங்கி மாட்டினேன்; அந்த எண்களை ஓட்டுகிறவருக்குக் காட்டும் திரைதான் மானிட்டர். வாங்கிய கையோடு ஒரு பெரிய தவறையும் செய்தேன்.

கிளம்பும்போது வெயில் 110 டிகிரி பாரன்ஹீட். டயர்களில் காற்று 80 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) அடித்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து சன்செட் பாயின்ட் ஓய்விடத்தில் நிறுத்தி மானிட்டரைப் பார்த்தால், நான்கும் 90, 91 என்று காட்டின. டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 80 என்றுதானே அச்சிட்டிருக்கிறது? பதறிப்போய், கொதிக்கும் தார்த்தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கி 80-க்குக் கொண்டுவந்தேன். ஏதோ வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்துவிட்ட திருப்தி. மறுநாள் விடிகாலை ஃப்ளாக்ஸ்டாஃபில் 50 டிகிரி. நான்கு டயரும் 64, 65 என்று துவண்டு கிடந்தன.

டயரில் அச்சிட்டிருக்கும் 80 என்பது ஆறிய டயருக்கான கணக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், டயர்மேல் வெயில் படக்கூடாது, அப்போது பார்க்கிற அளவுதான் அது. ஓட ஓட 10 முதல் 15 சதவீதம் ஏறுவது இயல்பு. அந்த ஏற்றத்தையும் எதிர்பார்த்துத்தான் டயரைச் செய்கிறார்கள். சூட்டில் காற்றை இறக்கினால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும், அதனால் இன்னும் சூடேறும். ட்ரெய்லர் டயரைக் கொல்வது பெரும்பாலும் குறைந்த காற்றும் அதனால் வருகிற சூடும்தான். சூட்டைக் குறைக்கிறேன் என்று நான் செய்த வேலை அதைக் கூட்டுகிற வேலை.

நான் காற்றை இறக்காமல் விட்டிருந்தாலும் அந்தக் காலையில் 73 வாக்கில்தான் காட்டியிருக்கும். ஒவ்வொரு 10 டிகிரி குளிருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். சுமார் 7,000 அடி உயரத்துக்கு ஏறியதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, காற்றை அளக்கும் கேஜ் மூன்று பிஎஸ்ஐ போலக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்த கணக்கு அது. ஆகவே மலை ஊரில் தங்கினால் காலையில் எழுந்ததும் அளந்து, அங்கேயே 80-க்கு நிரப்புங்கள். பாலைவனத்துக்கு இறங்கிய பிறகு, அடுத்த நாள் காலையில் டயர் ஆறியிருக்கும்போது கூடுதலை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அலாரம் வைப்பது. மேல் எல்லையை 10 சதவீதத்தில், அதாவது 88-இல் வைத்தால் அரிசோனாவில் தினமும் மத்தியானம் அலறும். இரண்டு நாள் பொறுப்போம், மூன்றாம் நாள் சத்தத்தை அணைத்துவிடுவோம். அணைத்த அலாரமும் மாட்டாத அலாரமும் ஒன்றுதான். நான் மேல் எல்லையை 25 சதவீதம் கூட்டி 100 என்றும், கீழ் எல்லையை 10 சதவீதம் குறைத்து 72 என்றும் வைத்திருக்கிறேன். இந்த எண்களைச் சூடான டயரிலிருந்து கணக்குப் போடக்கூடாது, ஆறிய டயரின் அளவிலிருந்துதான் போட வேண்டும்.

ஆனால் அலாரத்தை மட்டும் நம்பி ஓட்டுவதும் தவறுதான். மெதுவாகக் காற்று இறங்கும் டயர் எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். காலையில் நான்கும் 80. ஒரு மணி நேரம் ஓடியதும் மூன்று டயர் 90 காட்டுகின்றன, ஒன்று மட்டும் 81. அலாரம் அடிக்காது, 81 நல்ல எண்தானே. உண்மையில் அந்த டயரில் ஆணி ஏறியிருக்கலாம். காற்று வெளியே போகப் போக, சூடு அதை ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. அந்த டயரின் வெப்பமும் பக்கத்து டயரைவிட ஐந்து, பத்து டிகிரி கூடியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். மானிட்டரில் நான் தேடுவது இந்த ஒதுங்கி நிற்கும் எண்ணைத்தான். ஒப்பிடும்போது ட்ரெய்லரின் அதே பக்கத்தில் இருக்கும் டயரோடு ஒப்பிடுங்கள். சாயங்காலம் வடக்கே போனால் மேற்கு வெயில் இடப்பக்கத்தைக் காய்ச்சும், அந்தப் பக்கம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவதில் அதிசயமில்லை.

வெப்ப எண்ணை அப்படியே டயரின் வெப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார் வெளியே காற்றில் தொங்குகிறது. உள்ளே இருக்கும் சூட்டை அது குறைத்துத்தான் காட்டும். பல மானிட்டர்களில் வெப்ப அலாரம் 158 டிகிரியில் இருக்கும். அது அடிக்கும்வரை காத்திருந்தால் பல சமயம் நேரம் கடந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் சூடாகி, காற்றும் குறையவில்லை என்றால் பேரிங்கையும் பிரேக்கையும் பாருங்கள். நிறுத்தும் இடங்களில் அகச்சிவப்பு வெப்பமானியைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் காட்டிப் பார்க்கும் வழக்கம் நல்லது. டயரின் மேல்பட்டை உரிந்து வெடிப்பதை எந்த மானிட்டரும் முன்கூட்டிச் சொல்லாது, கடைசி நொடிவரை காற்று முழுதாகவே இருக்கும்.

வண்டியிலேயே டயரில் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்களிலும் சிறிய பிக்கப்களிலும் அது கட்டாயம். ட்ரெய்லருக்கு அந்தச் சட்டம் கிடையாது. இழுக்கிற வண்டியின் விளக்குக்குப் பின்னால் வருகிற ட்ரெய்லரைப் பற்றிப் பொதுவாக எதுவும் தெரியாது. ஓட்டுகிறவருக்கும் தெரியாது, அதுதான் சிக்கல். இரட்டை ஆக்சில் ட்ரெய்லரில் ஒரு டயர் போனால் பக்கத்து டயர் மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டு ஓடும். கிழிந்த டயர் அதற்குள் அடிப்பகுதித் தகட்டையும் தண்ணீர்க் குழாயையும் ஒயரையும் பிய்த்துவிடும். அப்படிச் சுமை தாங்கிய டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே நைந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. வீடு போல வசதி உள்ள மோட்டார்ஹோம் வண்டியில் பின்பக்க இரட்டை டயரின் உள்டயரும் இதே கதைதான். காலால் உதைத்துப் பார்க்கிற பழைய வித்தை அங்கே பலிக்காது.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். கனமான சென்சாரை ரப்பர் வால்வில் மாட்டாதீர்கள், ஆடி ஆடி அடியில் வெடிப்பு விடும். உலோக வால்வாக மாற்றிவிட்டு மாட்டுங்கள். நீளமான ட்ரெய்லர் என்றால் சிக்னலை வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும், இல்லையென்றால் திரையில் இருப்பது அரை மணி நேரத்துக்கு முந்தைய எண்ணாக இருக்கலாம். டயர்களை இடம் மாற்றினால் சென்சார்களையும் பழைய இடத்துக்கே மாற்றி மாட்டுங்கள். மாட்டிய பிறகு வால்வில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. என் ட்ரெய்லரில் ஒருமுறை கசிந்தது டயர் இல்லை, சரியாகத் திருகாத சென்சார்.

ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் போடுங்கள். போடும்போது அதன் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிது போலவே இருக்கும், ஆனால் ஐந்தாறு வருடத்துக்கு மேல் வெயிலில் காய்ந்த ட்ரெய்லர் டயரில் காற்று 80 இருந்தாலும் நான் அதை நம்பி ஐ-17 ஏற மாட்டேன்.